லிப்ட்டு ராணி

ராணி என்பது அவளைப் பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. ஒரு பத்திரிகைக்காரர் போகிற போக்கில் வைத்தது. வைத்தவர் மறுநாளே மறந்திருப்பார், ஊர் மறக்கவில்லை. கடைசியில் மாமியாரே "எங்க ராணி" என்று சொல்ல ஆரம்பித்த பிறகு, யாராவது சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளே திரும்பாமல் போய்விடுவாள்.

அந்தப் பெயர் வருவதற்கு முந்தைய நாள் வரைக்கும், லிப்ட் கம்பெனியின் பழுதுபார்க்கும் பிரிவில் அவளுக்கு வேலை டெலிபோன் எடுப்பது. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் படித்து, வகுப்பிலேயே முதலாவதாகத் தேறி, சேர்ந்த முதல் நாள் புது ஸ்பேனர் செட்டோடு வந்து நின்றவள். போர்மேன் அந்த ஸ்பேனர் செட்டை வாங்கிப் பார்த்தார், "நல்ல சரக்கு" என்றார், அலமாரியில் வைத்துப் பூட்டினார், அவளை டெலிபோன் மேஜைக்கு அனுப்பினார். கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர்.

"உன்னை மெஷின் ரூமுக்கு அனுப்பி, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா உங்கப்பாவுக்கு நான்தானே பதில் சொல்லணும்?" என்பார்.

"எங்கப்பா தையல் கடையில உக்காந்தா எழுந்திரிக்கவே மாட்டாரு சார். உங்களைக் கேக்கறதுக்குன்னு இவ்வளவு தூரம் வரமாட்டாரு" என்பாள் அவள்.

சிரிப்பார். ஆனால் சாவி அவர் இடுப்பிலேயே இருக்கும்.

ஒரு நாள் மத்தியானம் எல்லா மெக்கானிக்கும் வெளியே போயிருந்தார்கள். போர்மேனும் துறைமுகத்துக் கிடங்கில் பெரிய சரக்கு லிப்ட்டோடு மல்லுக்கட்டப் போய்விட்டார். டெலிபோன் அலறியது. பக்கத்துத் தெரு ஓட்டல் மானேஜர்.

"லிப்ட் நடுவுல நின்னுபோச்சும்மா! உள்ள அவங்க இருக்காங்க!"

"எவங்க சார்?"

"அவங்கதாம்மா!"

அப்போதெல்லாம் "அவங்க" என்றால் ஒருத்தர்தான். சலூன் சுவரிலும் சோப்பு டப்பாவிலும் சிரித்துக்கொண்டிருந்த நடிகை. அவர் பேசினால் தேன் ஒழுகும் என்பார்கள். அந்தக் குரலுக்காகவே ஒரே படத்தை மறுபடி மறுபடி பார்த்தவர்கள் உண்டு, அவள் உட்பட.

அலமாரிப் பூட்டு ஒரு திருப்புளிக்குத் தாங்கவில்லை. ஸ்பேனர் செட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஓட்டல் வாசலில் பத்திரிகைக்காரர்கள் கேமராவோடு முண்டிக்கொண்டிருந்தார்கள். படிகளில் ஏறி மொட்டைமாடி மெஷின் ரூமுக்குப் போய்ச் சேர்ந்தபோது மூச்சு வாங்கியது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, இரும்புக் கயிறுகள் கீழே இறங்குகிற ஓட்டை வழியாகக் குனிந்து குரல் கொடுத்தாள்.

"உள்ள இருக்கிறவங்க பயப்படாதீங்க! ஆள் வந்தாச்சு!"

கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. தேனெல்லாம் இல்லை. சரளைக்கல்லை வாளியில் போட்டுக் குலுக்கின மாதிரி.

"எவ்வளவு நேரம்? ஒரு ஆளை இப்படியா பொட்டிக்குள்ள போட்டுப் புழுங்க வெப்பீங்க? உங்க லிப்ட்ல இடி விழ!"

அவள் குழம்பிப்போனாள். "அம்மா, உள்ள நடிகையம்மா இருக்கறதாச் சொன்னாங்களே. அவங்க நல்லா இருக்காங்களா?"

பிறகு அதே குரல், பாதியாகக் குறைந்து வந்தது. "நான்தான்டி அது."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. திரையில் கேட்டதெல்லாம் இரவல் குரல்.

"என்ன, சத்தத்தையே காணோம்? விழுந்து கிழுந்து தொலைச்சியா?"

"இல்லம்மா. இங்கதான் இருக்கேன்."

"ஆம்பளை யாரும் வரலையா?"

"வரலம்மா. நான் மட்டுந்தான்."

"நல்லதாப் போச்சு. கதவு தொறக்கிறப்ப நீ மட்டும் நில்லு. மொகத்துல போட்டதெல்லாம் கரைஞ்சு கழுத்துக்கு வந்திருச்சு." பிறகு, "என் குரல் விஷயம்... முதல் படத்துலயே, இது கதாநாயகிக்கு ஆகாதுன்னு சொல்லிட்டாங்க. அதுலேருந்து வெளிய வாயைத் தொறக்கிறதே இல்ல" என்றார்.

அவள் மோட்டாரின் கைச்சக்கரத்தைப் பிடித்தாள். "ஏம்மா, சண்டை போடறதுக்கு இதைவிட நல்ல குரல் கெடைக்குமா? இங்க நானே நடுங்கிப் போயிட்டேன்."

கீழே ஒரு சிரிப்பு வெடித்தது. அதுவும் சரளைக்கல்தான். ஆனால் கேட்கக் கேட்க நன்றாக இருந்தது.

பிரேக்கைக் கொஞ்சங் கொஞ்சமாகத் தளர்த்தி, சக்கரத்தைத் திருப்பி, லிப்ட்டை ஒரு மாடிக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தினாள். இறங்கிப் போய்ச் சாவி போட்டுக் கதவைத் திறந்தபோது, கதவு ஓடுகிற பள்ளத்தில் ஒரு ஹேர்பின் விழுந்து சிக்கியிருந்தது. கதவு முழுசாக மூடாததால்தான் லிப்ட் நின்றிருக்கிறது. எடுத்து நீட்டினாள்.

"என்னோடதுதான்," என்று நடிகை முகத்தைத் துடைத்துக்கொண்டே வாங்கித் தலையில் செருகிக்கொண்டார். "வெளிய சொல்லிடாத. லிப்ட் மேலேயே பழி கெடக்கட்டும்."

வாசலில் கேமராக்கள் மின்னின. நடிகை வாய் திறக்கவில்லை. கிரீஸ் ஒட்டியிருந்த அவள் கையைப் பிடித்து உயர்த்திக் காட்டினார், அவ்வளவுதான். மறுநாள் பேப்பரில் அந்தப் படம், கீழே கொட்டை எழுத்தில் "லிப்ட்டு ராணி".

போர்மேன் பேப்பரைப் பார்த்தார், உடைந்த பூட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"வேற பூட்டு வாங்கணும் சார்," என்றாள்.

"எதுக்கு? ஸ்பேனரை நீயே வெச்சுக்க," என்றார் அவர்.

ஓட்டலிலிருந்து அன்றே ஆள் வந்தது, இனிமேல் தங்கள் லிப்ட்டை அந்தப் பெண்தான் கவனிக்க வேண்டும் என்று. பிறகு ஒரு பாங்க், ஒரு கோர்ட்டுக் கட்டடம், ஒரு பெரிய ஜவுளிக்கடை. குரல் ரகசியத்தை ராணி யாரிடமும் மூச்சுவிடவில்லை. சில வருஷம் கழித்து அந்த நடிகை, சந்தையில் வாய்ச்சண்டைக்குப் பேர் போன ஒரு வியாபாரியாக, முதல்முறையாகச் சொந்தக் குரலில் நடித்தார். தியேட்டரில் முதல் வசனத்துக்கே ஜனங்கள் வாய்பிளந்தார்கள். இடைவேளைக்குள் விசிலடிக்க ஆரம்பித்தார்கள். அந்த வருஷத்தின் எல்லாப் பரிசும் அந்தப் படத்துக்குத்தான். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ராணி, தானே ஏதோ ஜெயித்தமாதிரி, பக்கத்து இருக்கைக்காரி முறைக்கிற அளவுக்குக் கைதட்டினாள்.

இதற்கிடையில் அவளுக்குக் கல்யாணமும் ஆகியிருந்தது. ஒரு பல் ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் உச்சி மாடியில் பல்செட் செய்கிறவர் ஒருவர் இருந்தார். லிப்ட் கிறீச்சிடுகிற போதெல்லாம் கை நடுங்கிப் பல் கோணலாகிறது என்று புகார்மேல் புகார் கொடுத்தார். ராணி போய் அந்தச் சத்தத்தை நிறுத்தினாள். அடுத்த வாரமும் புகார் வந்தது. போய்ப் பார்த்தால் சத்தம் எதுவும் இல்லை. "அது... சத்தம் இல்லாம வேலையே ஓடல," என்றார் அவர். அப்புறம் நடந்ததைச் சொல்லவா வேண்டும்?

அவருக்கு ஒரு பழக்கம். ராணி எந்தப் பெரிய மனிதரைப் பார்த்துவிட்டு வந்தாலும், என்ன பேசினார், எப்படி இருந்தார் என்று கேட்கமாட்டார். "பல்லு எப்படி?" என்பார்.

அந்தக் கேள்வியால் ஒரு நன்மை விளைந்தது. நாட்டிலேயே முதல் ஆளாக, உலகப் போட்டியில் பளுதூக்கி மெடல் வாங்கிய வீரர் ஒருவர் ஊர் திரும்பியிருந்தார். எல்லோரும் அவரைச் சாம்பியன் என்றுதான் சொல்வார்கள். கதவு வழியாக நுழைய வேண்டுமென்றால் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைவார், அப்படி ஒரு தோள். விளையாட்டுத் துறைக் கட்டடத்தில் அவருக்குப் பாராட்டுக் கூட்டம். மேலே மந்திரியும் கூட்டமும் காத்திருக்க, இவர் மட்டும் தனியாக ஏறின லிப்ட், கரண்ட் போய் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது.

ராணி மெஷின் ரூமிலிருந்து குரல் கொடுத்தாள். காதைக் கயிற்று ஓட்டைக்குக் கிட்டே வைத்துக் கேட்டாள். யாரோ அழுவதை அடக்குகிற சத்தம்.

"சார், நான் லிப்ட் இன்ஜினீயர். உங்களை இப்ப இறக்கிடுவேன்."

"கயிறு அறுந்துடுமா?" சின்னக் குரலில் கேள்வி வந்தது.

"அறுக்கணும்னு உக்காந்தாக்கூட எனக்கு ஒரு நாள் முழுசும் பிடிக்கும் சார்."

"பேசிக்கிட்டே இருங்க. நிறுத்தாதீங்க."

பேசினாள். மகளுக்கு அப்போது பல் முளைக்கிற வயசு. கண்டதையும் கடிக்கிறாள், அவள் அப்பா மட்டும் சந்தோஷமாக விரலைக் கொடுக்கிறார் என்றெல்லாம் சொன்னாள். லிப்ட்டுக்கு மறுமுனையில் ஒரு எதிர்ப்பாரம் தொங்குகிறது, இரண்டும் தராசுத் தட்டு மாதிரி, ஒன்று ஏறினால் ஒன்று இறங்கும் என்று விளக்கினாள்.

"நான் தூக்கறப்ப பாரம் என் கையில இருக்கும்," என்றார் சாம்பியன். "இங்க நானே பாரமாயிட்டேன். அதான் தாங்க முடியல."

கதவு திறந்ததும் அவர் வெளியே வந்து, படிக்கட்டில் பொத்தென்று உட்கார்ந்தார். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. "இப்படியே மேல போனா மானம் போயிடும்," என்றார். ராணி மாடிக்குப் போய், பாதுகாப்புக்காக இன்னும் ஒரு சோதனை பாக்கி இருப்பதாக மந்திரியிடமே சொல்லிவிட்டு வந்தாள். சாம்பியனின் முகம் காய்கிறவரைக்கும் இருவரும் படியில் உட்கார்ந்து டீ குடித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் வழக்கமான கேள்வி: "பல்லு எப்படி?"

"முன்னாடி ரெண்டு இல்லீங்க. பயிற்சியில இரும்புக் கம்பி பட்டுப் போச்சாம். அதான் வாயைப் பொத்திக்கிட்டே சிரிக்கறாரு."

"அட, நம்மகிட்ட அனுப்ப வேண்டியதுதானே!"

அப்படிப் பொருத்தின இரண்டு பல்லோடுதான், அதற்கப்புறம் சாம்பியன் எல்லாப் படங்களிலும் வாய்நிறையச் சிரித்தார். வீட்டுக்கு வரப்போக இருந்தார். ராணியை "அக்கா" என்பார், ராணியின் கணவரை "மாமா" என்பார். மாமியார் அவருக்கு மட்டும் நாற்காலி போடமாட்டார். "இருக்கறதே நாலு நாற்காலி. நீ தரையில உக்காருப்பா," என்பார்.

அந்த மாமியார்தான் ஒரு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உடனே ஆபரேஷன் பண்ண வேண்டும், தியேட்டர் மேல்மாடியில். தள்ளுகட்டிலோடு நர்சும் ராணியும் லிப்ட்டில் ஏறினார்கள். பாதியில் கரண்ட் போனது.

எத்தனையோ பேரை லிப்ட்டிலிருந்து எடுத்தவள். இப்போது உள்ளே நிற்கிறாள். பிரேக்கும் கைச்சக்கரமும் மெஷின் ரூமில், தலைக்குமேல் எத்தனையோ அடி உயரத்தில். கையில் ஒரு பொத்தான் பலகை. அதில் எதை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது என்று அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? இருட்டில் மாமியாரின் முனகல் கேட்டது. நர்ஸ் கதவைத் தட்டித் தட்டிக் கத்தினாள்.

"ராணி, நீதானே இதுல பெரிய ஆளு?" மாமியார் மூச்சுக்கு நடுவில் கேட்டார். "ஏதாவது செய்யேன்டி."

"உள்ள இருந்து ஒண்ணும் செய்ய முடியாதுத்தை."

"என்ன மிஷினோ போ. உள்ள இருக்கிறவங்களுக்கு உதவாத மிஷினு."

சரியாக எவ்வளவு நேரம் என்று பிற்பாடு அவளால் சொல்ல முடியவில்லை. கரண்ட் வந்தது, லிப்ட் குலுங்கிக்கொண்டு ஏறியது, வாசலிலேயே காத்திருந்த சர்ஜன் கட்டிலை இழுத்துக்கொண்டு ஓடினார். மாமியார் பிழைத்துக்கொண்டார். வெளியே வந்த சர்ஜன் கையுறையைக் கழற்றியபடியே சொன்னார்: "இன்னும் கொஞ்சம் தாமதமாயிருந்தா என்னால ஒண்ணும் செய்ய முடிஞ்சிருக்காது. இந்த லிப்ட் என்னை ரொம்ப நாளாப் பயமுறுத்துதும்மா."

மாமியார் சொன்ன அந்த வார்த்தை ராணியை விடவே இல்லை. குளிக்கும்போதும் பஸ்ஸில் நிற்கும்போதும் அதுதான் ஓடியது. கரண்ட் இல்லாதபோது லிப்ட்டைத் தூக்குகிற அளவுக்குப் பாட்டரி வைக்க வேண்டுமென்றால் ஒரு அறை முழுக்க வைக்க வேண்டும். ஆனால் எதற்குத் தூக்க வேண்டும்? தராசில் எந்தத் தட்டு கனமோ அது தானாக இறங்கத்தானே போகிறது? ஆள் குறைவாக இருந்தால் எதிர்ப்பாரம் லிப்ட்டை மேலே இழுக்கும்; ஆள் நிறைய இருந்தால் லிப்ட்டே கீழே போகும். பாட்டரி செய்ய வேண்டியதெல்லாம் பிரேக்கை மெதுவாகத் தளர்த்தி, போகிற வழியில் போகவிட்டு, அடுத்த மாடியில் நிறுத்திக் கதவைத் திறப்பது. அவ்வளவு வேலைக்கு ஒரு பெட்டி போதும்.

கம்பெனி எம்.டி.யிடம் வரைபடத்தை விரித்தாள். அவர் புரட்டிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா எந்தக் கஸ்டமர் கேட்டாங்க இதை?"

"என் மாமியார் கேட்டாங்க சார்."

அவர் சிரித்துவிட்டு, ஓடுகிற லிப்ட் எதிலும் கைவைத்துச் சோதனை பண்ணக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

சோர்ந்துபோய் வீட்டுக்கு வந்தால், தரையில் சாம்பியன் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும், "எங்க பயிற்சிக்கூடத்துல ஒரு பழைய சரக்கு லிப்ட் இருக்குதேக்கா. இப்ப அதுக்கு நான்தான் பொறுப்பு," என்றார். "பாரத்துக்கும் பஞ்சமில்ல. எங்ககிட்ட வேற என்ன இருக்கு?"

ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை நடந்தது. ரிடையர் ஆகி வீட்டில் பேப்பரை மனப்பாடம் செய்துகொண்டிருந்த போர்மேன் தானாகவே வந்து ஒட்டிக்கொண்டார். பெட்டி தயாரானதும் காலி லிப்ட்டில் முதல் சோதனை: மெயினை அணைத்தார்கள், லிப்ட் பூனைபோல் மேலே போய் நின்று கதவைத் திறந்தது. அடுத்து, பயிற்சி இரும்புகளை அடுக்கி நிரப்பினார்கள். அப்போதும் சொன்னபடி கீழே இறங்கியது. போர்மேன் தொடையைத் தட்டினார்.

"ஆள் இல்லாம பாத்தா என்ன பாத்தது? நான் ஏறறேன்," என்றார் சாம்பியன். பாதிக்குமேல் இரும்பை இறக்கிவிட்டு அவர் ஏறிக்கொண்டார். மெயினை அணைத்தார்கள். பிரேக் தளர்ந்த சத்தம் கேட்டது. லிப்ட் அசையவில்லை.

ராணிக்கு உடனே புரிந்தது. இரண்டு தட்டும் சமம்! எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. சாதாரணமாக ஒரு லிப்ட்டில் பாதி ஆள் ஏறினால் இப்படித்தான் இருக்கும். பெரும்பாலான நேரம் லிப்ட்டில் பாதி ஆள்தான் இருப்பார்கள். அடிப்படையான இடத்தில் அடி விழுந்துவிட்டது. அதைவிட, உள்ளே யார் மாட்டியிருக்கிறார் என்பது அவளைக் கலக்கியது.

"தம்பி! இப்ப மெயினைப் போடறேன், பயப்படாத!"

"பயந்துக்கிட்டுத்தான் இருக்கேன்க்கா. அவசரமில்ல, எங்க தப்புன்னு பாத்துட்டுப் போடுங்க!" என்று குரல் வந்தது. நடுங்கிய குரல்தான், ஆனால் வந்தது.

வெளியே வந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "எங்க போட்டியில மூணு தடவை தூக்க விடுவாங்கக்கா. முதல்ல கீழ விழுந்தா விழட்டும்."

"உலகத்துல இருக்கற எடையெல்லாம் விட்டுட்டு சரியாப் பாதி எடைக்கு வந்து நிக்கறியே தம்பி," என்றார் போர்மேன்.

ஒரு மாசம் ராணி அந்த ஒரு முடிச்சோடு மாரடித்தாள். விடை வந்தபோது சிரிப்புத்தான் வந்தது. தட்டு இரண்டும் சமமாக இருந்தால் லிப்ட்டைத் தள்ளப் பெரிய பலம் எதற்கு? கதவைத் தள்ளுகிற மாதிரி ஒரு சின்னத் தள்ளு போதும். பிரேக்கைத் தளர்த்திப் பார். எந்தப் பக்கமும் அசையவில்லையா, மோட்டாருக்குப் பாட்டரியிலிருந்து கொஞ்சம் கொடு. அதே பெட்டிக்குள் அதற்கும் இடம் இருந்தது.

சாம்பியன் மறுபடி ஏறினார். இந்தமுறை கண்ணைத் திறந்துகொண்டே ஏறினேன் என்று பிறகு எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார். மெயின் அணைந்தது. ஒரு மூச்சு நேரம் ஒன்றுமில்லை. பிறகு லிப்ட் மெல்ல அசைந்து, கீழே வந்து, கதவைத் திறந்தது. உள்ளே சாம்பியன், போட்டியில் எடையைத் தலைக்குமேல் நிறுத்தினமாதிரி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். போர்மேன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசு விழுந்துவிட்டது என்றார்.

அந்த வருஷமே அந்தச் சர்ஜன், புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த அரசாங்க ஆஸ்பத்திரிக்குத் தலைமை டாக்டரானார். விஷயத்தைக் கேள்விப்பட்டுப் பயிற்சிக்கூடத்துக்கே வந்து, தானே அந்த லிப்ட்டில் ஏறிப் பார்த்தார். பிறகு, "இந்தப் பெட்டி இல்லாத லிப்ட்டை என் ஆஸ்பத்திரியில ஏத்த மாட்டேன்," என்று ஒரே போடாகப் போட்டார். எம்.டி. ராணியைக் கூப்பிட்டு நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார்.

திறப்பு விழாவுக்குப் பிரதமர் வந்தார். சிரித்த முகமாக அந்த அம்மாவை யாரும் பார்த்ததில்லை. அவர் படம் போட்ட தபால்தலையை ஒட்டக்கூடப் பயமாக இருக்கிறது என்று ஜனங்கள் கேலி பேசுவார்கள். கூடவே மின்சார மந்திரி, நல்ல கனத்த சரீரம். வாசல் மேடையில் அவர் மைக்கைப் பிடித்து, "இனி இந்த நாட்டில் மின்வெட்டு என்ற பேச்சுக்கே இடமில்லை!" என்று முழங்கிவிட்டுத்தான் இறங்கினார்.

லிப்ட்டில் பிரதமர், மந்திரி, ஒரு மெய்க்காவலர், ராணி. தலைமை டாக்டர் மேலே காத்திருந்தார். லிப்ட் கிளம்பி ஒரு மாடி தாண்டியிருக்கும். விளக்கு அணைந்தது. லிப்ட் நின்றது.

சின்ன அவசர பல்பு எரிந்தது. மந்திரியின் முகத்தில் ஈயாடவில்லை. காவலரின் கை இடுப்புக்குப் போனது. "யாரும் அசையாதீங்க!" என்றார்.

"என்ன ஆச்சு?" என்றார் பிரதமர்.

மந்திரி கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். ராணிதான் சொன்னாள்: "கரண்ட் போயிடுச்சும்மா."

பிரதமர் மெதுவாகத் திரும்பி மந்திரியைப் பார்த்தார். அந்தப் பார்வை இருக்கிறதே, அதைக் காண அந்தச் சின்ன பல்பு வெளிச்சமே போதுமானதாக இருந்தது.

ராணி அவர்கள் இருவரையும் கவனிக்கவில்லை. அவள் காது முழுக்க மேலே இருந்தது. டக் என்று, பாட்டரியை இணைக்கிற ரிலே விழுகிற சத்தம். அப்பாடா. பிரேக் மூச்சுவிட்டது. லிப்ட் நகர்ந்தது.

"போகுதே!" என்றார் பிரதமர். "கரண்ட் இல்லாம எப்படி? மேல போறோமா, கீழ போறோமா?"

"மேலம்மா. ஆள் கம்மியா இருந்தா மேல போகும், நிறைய இருந்தா கீழ போகும். அடுத்த மாடியில தானா நின்னு கதவு தொறக்கும்."

"அப்ப, இவரை விட்டுட்டு வந்திருந்தா இன்னும் லேசாப் போயிருக்கும்?"

ராணி மந்திரியை ஒருமுறை பார்த்தாள். பொய் சொல்ல மனம் வரவில்லை. "ஆமாம்மா."

பிரதமர் சிரித்தார். வாய்விட்டு, தோள் குலுங்க. கதவு திறந்தபோது வெளியே கைவிளக்கோடு பதறி ஓடிவந்த அதிகாரிகள், சிரித்துக்கொண்டு வருகிற பிரதமரைப் பார்த்து, வந்த வேகத்தில் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"இதை யார் செஞ்சது?" என்று அவர் தலைமை டாக்டரிடம் கேட்டார். டாக்டர் ராணியைக் காட்டினார். பிரதமர் அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நான் தப்பிச்சது பெரிசில்ல. எனக்கு நடக்க முடியும். கட்டில்ல வர்றவங்களுக்குத்தான் இது வேணும். எல்லா ஆஸ்பத்திரிக்கும் வேணும்." மந்திரி பக்கம் திரும்பி, "உங்க துறையே செலவை ஏத்துக்கட்டும்," என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் கணவர் கேட்டார்: "பல்லு எப்படி?"

"சொந்தப் பல்லுதாங்க. முழுசாப் பாத்தேன்."

அவர் நம்பவே இல்லை. மறுநாள் பேப்பரில் படத்தைப் பார்த்த பிறகுதான் ஒத்துக்கொண்டார். மாமியாரோ அந்தப் பேப்பரை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "யோசனை என்னோடது, கைவேலை மட்டும் மருமகளோடது," என்று சொல்லிக்கொண்டிருந்தார். ராணி மறுக்கவில்லை. உண்மைதானே.

சட்டம் வந்தது. நாட்டிலுள்ள எல்லா ஆஸ்பத்திரி லிப்ட்டிலும் அந்தப் பெட்டி ஏறியது. பிறகு பக்கத்து நாடுகளிலிருந்தும் கேட்டு வாங்கினார்கள். கம்பெனியில் வடிவமைப்புப் பிரிவுக்கு அவளைத் தலைவியாக்கினார்கள். டெலிபோன் மேஜையில் தொடங்கியவளுக்குக் கீழே இப்போது ஒரு மாடி முழுக்க இன்ஜினீயர்கள். எத்தனையோ பிரபலங்களோடு லிப்ட்டில் ஏறி இறங்கினாள். வாத்தியத்தை மடியில் கட்டிக்கொண்டு யாரையும் கிட்டவே விடாத ஒரு சங்கீத மேதை. லிப்ட் ஏறி இறங்குவதற்குள் ஒரு கணக்குக்கு விடை கண்டுபிடித்து அவள் கையிலேயே பேனாவால் எழுதிவிட்ட ஒரு கணித மேதை. சொன்னால் கதை வளரும்.

அவள் ரிடையர் ஆன வருஷம், நாட்டின் உயர்ந்த பொறியியல் விருதை அவளுக்கு அறிவித்தார்கள். பெரிய அரங்கம். முன்வரிசையில் கணவர், டாக்டராகியிருந்த மகள், சக்கரநாற்காலியில் மாமியார், நரைத்த தலையோடு சாம்பியன். விருதைக் கொடுக்க வந்தவர், இந்த நாட்டிலிருந்து விண்வெளிக்குப் போன முதல் பெண். ராணியின் மகளைவிடச் சில வயதே பெரியவராக இருப்பார். உலகத்தை வெளியே இருந்து பார்த்த கண்கள். அவர் முன்னால் நிற்க ராணிக்குக் கூச்சமாக இருந்தது.

விண்வெளிப் பெண் விருதைக் கையில் கொடுத்துவிட்டு, மைக்குக்கு எட்டாமல் குனிந்து சொன்னார்: "உங்களை ரொம்ப நாளாப் பாக்கணும்னு இருந்தேன் மேடம். எனக்கு ஒரு சந்தேகம்."

"எனக்கு என்னம்மா தெரியும் விண்வெளியைப் பத்தி?"

"விண்வெளி இல்ல. ராக்கெட் மேல ஏறி உக்கார்றதுக்கு ஒரு லிப்ட்ல போவோம். ராக்கெட்ல எனக்குப் பயமே வரல. அந்த லிப்ட்லதான் வந்துச்சு. பாதியில கிறீச்சுனு ஒரு சத்தம். கயிறு அறுந்திடுமோன்னு உயிரே போயிடுச்சு. யார்கிட்டயும் சொல்லல, சிரிப்பாங்க இல்லையா?"

ராணிக்குக் கூச்சம் போன இடம் தெரியவில்லை. "சத்தம் விட்டு விட்டு வந்துதா, தொடர்ந்து வந்துதா?"

"விட்டு விட்டு."

"ஏறும்போது மட்டுமா, இறங்கும்போதுமா?"

"இறங்கறப்ப நான் அதுல வரலையே. வேற வழியாத்தானே வந்தேன்."

ராணி ஒரு கணம் அவரைப் பார்த்தாள். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டார்கள். அரங்கத்துக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கைதட்டல் நிற்காமல் தொடர்ந்தது. அறிவிப்பாளர் அடுத்த பெயரைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"கயிறு இல்லம்மா, வழித்தண்டவாளம். லிப்ட் ஓடற இரும்புத் தடத்துல ஒரு இணைப்பு கொஞ்சம் தூக்கிக்கிட்டிருக்கு. ஆபத்தில்ல. ஆனா அடுத்து போறவங்க பயப்படக் கூடாது," என்றாள் ராணி. விருதை இடது கையிடுக்கில் இடுக்கிக்கொண்டு, வலது கையால் அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்தாள். "என்னைக் கூட்டிட்டுப் போறீங்களா? ஒரு காலை நேரம் போதும். சரிபண்ணிடலாம்."

"எப்ப வர்றீங்க?"

"நாளைக்கே வரட்டுமா? இப்பதான் ரிடையர் ஆகிட்டேனே, கையில நேரம் கொட்டிக் கெடக்கு."